ஆழியாருக்கு இரண்டு நடை

மூன்று வருடம் கழித்து மெல்போர்னிலிருந்து ஊருக்கு வந்தால் தென்னந்தோப்பு கறுத்துக் கிடக்கிறது. விறகடுப்புச் சுவர் மாதிரி ஓலையெல்லாம் கரி. தேய்த்தால் விரலில் ஒட்டுகிறது. "ஈ அம்மிணி, வெள்ளை ஈ" என்றார் அப்பா.

2016-இல் பொள்ளாச்சிப் பக்கம்தான் நாட்டிலேயே முதன்முதலாகத் தென்பட்டது இந்தச் சுருள் வெள்ளை ஈ. ஓலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு குடித்துவிட்டு இனிப்புத் திரவமாகக் கழிக்கும். அது கீழ் ஓலையில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படரும். அப்பா மருந்துக் கடையில் கேட்டு இரண்டு தடவை அடித்திருந்தார். எவ்வளவு ஆச்சு என்றால் வாயைத் திறக்கவில்லை.

வேளாண் பல்கலைக்கழகம் என்றால் எனக்குக் கோவையில் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த பூங்கா மட்டும்தான். 1868-இல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, கோவைக்கு இடம் மாறி, 1971-இல் பல்கலைக்கழகமானது. அதன் தென்னை ஆராய்ச்சி நிலையம் வால்பாறை ரோட்டில், ஆழியாரில், நம் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் நடை வீண். ஞாயிற்றுக்கிழமை என்பதையே மறந்துவிட்டுப் போனது நான்தான்.

மறுநாள் நிலையத்தில் ஓலைத்துண்டைப் புரட்டி லென்சு வைத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர், "மருந்து அடிச்சீங்களா?" என்றார்.

"அடிச்சமுங்க."

"அதுல ஒட்டுண்ணியும் செத்திருக்குமுங்க."

"ஒட்டுண்ணின்னா... மாட்டு உண்ணியா?"

அவர் சிரித்துவிட்டார். "குளவிங்க. கண்ணுக்கே தெரியாத குளவி." என்கார்சியா என்று பேராம். ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைக்கும், குஞ்சு கறுத்துப்போகும். அப்படிக் கறுத்த புள்ளிகள் உள்ள ஓலைத்துண்டுகளை நம் மரத்து ஓலையில் குத்திவிட வேண்டும். மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். கரிக்கு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கணக்கில் மைதாப் பசை. காய்ந்து உதிரும்போது கரியையும் உரித்துக்கொண்டு வரும். பரோட்டாவுக்குப் போகிற மைதா மரமேறப் போகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

கிணற்று மேட்டில் இரண்டு மரத்துக்குக் கேரளா வாடல் நோய். ஓலை மடங்கி, விலா எலும்பு மாதிரி வளைந்து நிற்கிறது. அதற்கும் கடையில் ஒரு பாட்டில் விற்றிருந்தார்கள். நிலையத்தில், "முத்திப்போச்சுன்னா மருந்து கிடையாதுங்க, வெட்டிடுங்க" என்றார்கள். அந்த நோய்க்கென்று விற்க ஒன்றும் இல்லாதவர்கள் சொன்னதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. அப்பா பதிலே பேசவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

குரும்பை உதிர்வதற்குப் பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக் வாங்கி வந்தோம். லிட்டருக்கு நாலு லிட்டர் தண்ணீர் கலந்தால் 25 மரத்துக்கு வரும்; மரத்துக்கு 200 மில்லி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதைப் பையில் ஊற்றி வேரில் கட்டும் வித்தை அப்பாவுக்குத் தெரியும். போன வருடம் வேளாண் கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகள் கிராமத்தில் தங்கிப் படிக்க வந்தபோது எங்கள் களத்தில்தான் செய்து காட்டினார்களாம். "அதுல ஒரு புள்ள மம்முட்டி புடிச்சதப் பாக்கோணுமே!" ஆனாலும் அந்தப் பிள்ளை சொன்னபடியே செய்தார்: மண்ணைத் தோண்டி, பென்சில் கனத்தில் உயிருள்ள வேர் ஒன்றைப் பிடித்து, நுனியைச் சாய்வாகச் சீவி, பைக்குள் மருந்தில் முங்கும்படி விட்டு, வாயை நூலால் கட்டி.

அன்று சாயங்காலம் பதினொரு மரம்தான் முடிந்தது. விடிந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் போய்ப் பார்த்தோம். ஒன்பது பை ஒட்டிக் காய்ந்திருந்தது. இரண்டு மட்டும் கட்டியபடியே ததும்பிக்கொண்டிருந்தன.

"செத்த வேரைப் புடிச்சுட்டம் அம்மிணி" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார் அப்பா.