15 வருடம் பேஸ்புக், 10 வருடம் வட்ஸ்அப்: திருகோணமலையிலிருந்து என் அனுபவம்

2010 ஆம் ஆண்டு, பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு நெட் கபேயில்தான் பேஸ்புக் கணக்குத் திறந்தேன். காரணம் ஒரே ஒருத்தி. கிண்ணியாவிலிருந்து உயர்தர ரியூசனுக்கு வந்து என் பக்கத்து வாங்கில் இருந்தவள். அந்தக் காலத்தில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. துறையடியில் மிதவைப் பாதைக்குக் காத்து நின்று, தண்ணீரைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வருவாள். பாதை பிந்தினால் முதல் பாடம் போய்விடும். அவளுக்கும் சேர்த்து இரண்டு கொப்பியில் நோட்ஸ் எழுதுவேன். 396 மீற்றர் நீளப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டபோது எங்கள் சோதனை முடிந்துவிட்டிருந்தது. அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம், கையோடு கத்தார் பயணம். “நீயும் பேஸ்புக்கில வா புள்ள, அப்பதான் விட்டுப் போகாது” என்றாள். வந்தேன்.

அன்றிலிருந்து இன்றுவரை ஒரு நாளும் விடாமல் பாவித்திருக்கிறேன். உப்புவெளிப் பக்கம் படிப்பிக்கிறேன். பாடசாலை வேலை, வீடு, பிள்ளைகள், உறவுகள் எல்லாமே இந்த இரண்டு செயலிக்குள்ளும் வந்துவிட்டன. அதனால் ஒரு கிழமை பாவித்துவிட்டு நட்சத்திரம் போடுகிற மாதிரி இதை எழுத முடியாது.

முதல் நாலைந்து வருடம் நிஜமாகவே சந்தோசமான காலம். எங்கள் ரியூசன் வகுப்பில் இருந்தவர்கள் ஸ்காபரோ, லண்டன், தோகா என்று போய்விட்டார்கள். ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தோம். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் கதைத்தோம். வாசிக்கக் கஷ்டம், ஆனாலும் விடவில்லை. பிறகு போனிலேயே தமிழ் கீபோர்டு வந்தது. விரலால் திரையில் எழுதினால் எழுத்தாக மாற்றித் தருகிற வசதி வந்தபோது என் அம்மாவும் வந்துவிட்டார். கனடாவில் இருக்கிற தன் தங்கைக்கு அம்மா முதல்முதல் எழுதியது, “மழை பெய்யுது, சூடை மீன் மலிவு.” சித்தி அதைப் பார்த்துவிட்டு உடனே போன் எடுத்து அழுதாராம். இந்த ஒரு விசயத்துக்காகவே இரண்டு செயலிகளுக்கும் நான் நன்றி சொல்வேன்.

வட்ஸ்அப்பை பேஸ்புக் 2014 இல் வாங்கியது. நான் அதற்கு அடுத்த வருடம் சேர்ந்தேன். குடும்பக் குரூப், பாடசாலைக் குரூப், பழைய மாணவர் குரூப் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. காலை வணக்கப் படங்களால் போன் நிறைந்துவிடும். படங்கள் தானாக இறங்குவதை செட்டிங்ஸில் நிறுத்தினால் டேட்டாவும் மிஞ்சும், இடமும் மிஞ்சும். புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

சரி, நட்புக்கு வருவோம்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சமூக ஊடகங்களை அரசாங்கம் சில நாட்கள் முடக்கியது. திரும்பத் திறந்தபோது எனக்குத் தெரிந்த முகங்களே வேறு ஆட்களாக இருந்தார்கள். முஸ்லிம் கடைகளைப் பற்றியும் அவர்களுடைய சாப்பாட்டைப் பற்றியும் யாரோ எங்கேயோ கட்டிவிட்ட கதைகளை என்னோடு படித்தவர்கள் பகிர்ந்தார்கள். அதில் மூன்று பேர், பெருநாளுக்கு என் தோழி வீட்டுக்குப் போய் உம்மா கையால் வட்டிலப்பம் வாங்கிச் சாப்பிட்டவர்கள். இரண்டு பேரோடு போனில் சண்டை பிடித்தேன். ஒருவர் பதிவை நீக்கினார். மற்றவரோடு இன்றுவரை கதையில்லை, அதற்காக நான் வருந்தவும் இல்லை. நாற்பது பேர் வரை பட்டியலிலிருந்து எடுத்தேன்.

ஆனால் நான் செய்யாத ஒன்று இருக்கிறது. அந்த நாட்களில் என் தோழி ஒன்றும் போடவில்லை. நாலு மாதம் ஒரு படம்கூட இல்லை. எப்படி இருக்கிறாய், வீட்டில் பயமில்லாமல் இருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. அவளுக்காகச் சண்டை பிடித்தேன், அவளோடு கதைக்கவில்லை. ஆகஸ்டில் மகளின் பிறந்தநாள் கேக் படம் போட்டாள். இதயம் போட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

2022 பொருளாதார நெருக்கடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அநியாயம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை. எந்தப் பெற்றோல் செட்டுக்கு பவுசர் வருகிறது, கியூ எதுவரை நிற்கிறது என்று எங்கள் வீதி வட்ஸ்அப் குரூப்தான் சொல்லும். அதுவரை வாசலில் முகம் பார்த்துச் சிரித்ததோடு நின்றிருந்த பக்கத்து வீட்டு அண்ணா, “டீச்சர், உங்கட இடத்தில நான் நிக்கிறன், பாடம் முடிச்சிட்டு வாங்க” என்று வொய்ஸ் போட்டார். மண்ணெண்ணெய் இருந்தவர்கள் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார்கள். ஏப்ரல் 3 ஆம் திகதி திரும்பவும் சமூக ஊடகங்களை முடக்கினார்கள், அன்று பிற்பகலே திறந்தும் விட்டார்கள். இடையில், முடக்கத்தைத் தாண்ட உதவும் விபிஎன் போடத் தெரிந்த பொடியன்கள் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களின் போனில் போட்டுக் கொடுத்தார்கள். ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை வரும்வரை அந்தக் குரூப் இல்லாமல் நான் பாடசாலைக்குப் போயிருக்க மாட்டேன். பத்து வருட பேஸ்புக்கில் கிடைக்காத அயலவர்கள் அந்த நாலைந்து மாதத்தில் கிடைத்தார்கள். இன்றைக்கும் பொங்கலுக்கு அவர்கள் வீட்டில்தான் முதல் சாப்பாடு.

அடுத்த வருடம் நடந்ததுதான் இதை எழுத வைத்தது.

2023 இல் ஒரு புதன்கிழமை பின்னேரம், தோழி ஒரு படம் போட்டிருந்தாள். அவளுடைய உம்மா, கிண்ணியா வீட்டு வாசலில், கையில் தயிர்ச் சட்டியோடு. பழைய படம். எழுத்து ஒன்றும் இல்லை. சோற்றுக்கு உலை வைத்துவிட்டு நின்ற நேரம். இதயம் போட்டேன், கீழே தள்ளிப் போனேன். அந்தச் சட்டியை எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் அவள் வீட்டுக்குப் போனால், “தயிர் தின்னாமப் போகக் கூடாது மகள்” என்று சீனி போட்டு நீட்டுவார்.

சனிக்கிழமை அதே படம் திரும்ப மேலே வந்தது. கீழே நூற்றுக்கு மேல் கொமெண்ட். எல்லாம் “இன்னாலில்லாஹி”. உம்மா புதன் காலையில் போய்விட்டார், அன்றைக்கே அடக்கமும் முடிந்துவிட்டது. தோகாவிலிருந்து அவளால் வந்து சேர முடியவில்லை, வீடியோ கோலில்தான் பார்த்தாளாம். நான் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருந்தேன். அவள் வர முடியாத இடத்துக்கு அவளுக்குப் பதிலாக நான் போயிருக்கலாம். அந்த நூறு ‘இன்னாலில்லாஹி’க்கும் மேலே என் சிவப்பு இதயம் இருந்தது.

உடனே போன் எடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. “உனக்குத் தெரியும் எண்டு நினைச்சன்டி, நீ பாத்திருந்தாயே” என்றாள். அந்த வார்த்தையை நான் மறக்க மாட்டேன். அவள் போடுவதை நான் பார்க்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும், அவள் போடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். அது போதும் என்று இரண்டு பேரும் பதின்மூன்று வருடம் இருந்திருக்கிறோம். அன்றைக்குத்தான் 2019 ஐப் பற்றியும் கேட்டேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தாள். அந்த நாலு மாதமும் ஒவ்வொரு இரவும் உம்மாவுக்கு எடுத்து, கதவைப் பூட்டியாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் படுப்பாளாம்.

அடுத்த நாள் கிண்ணியாவுக்குப் போனேன். பாலத்தில் பஸ் போகும்போது துறையடிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். வீட்டில் அவளுடைய நானா (அண்ணா) இருந்தார். உம்மாவின் அறையை வீடியோவில் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

அதற்குப் பிறகு நான் மாற்றியவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். பேஸ்புக்கில் ‘ஃபேவரிட்ஸ்’ என்று ஒரு பட்டியல் வைக்கலாம், 30 பேர் வரை. அவர்கள் போடுவது மேலே வரும். எனக்கு 22 பேர்தான் தேறினார்கள். இனிமேல் எழுத்தில்லாமல் யார் பழைய படம் போட்டாலும் இதயம் போடுவதில்லை, முதலில் போன் எடுக்கிறேன். பிறந்தநாளுக்குச் சுவரில் வாழ்த்து எழுதுவதை விட்டுவிட்டேன். வட்ஸ்அப்பில் ஒரு நிமிச வொய்ஸ் அனுப்புகிறேன். பதிலுக்கு வருகிறவை பத்து நிமிசம் இருக்கும், பின்னால் பிள்ளை அழும், குக்கர் விசில் அடிக்கும், கணவரின் குரல் கேட்கும். எந்தப் படத்தையும்விட அதில்தான் அந்த வீடு எனக்குத் தெரிகிறது.

குறையும் இருக்கிறது. நீண்ட வொய்ஸில் சொன்ன ஒரு விசயத்தைப் பிறகு தேட முடியாது. விலாசம், திகதி, கணக்கு இலக்கம் எல்லாம் எழுத்தில்தான் அனுப்ப வேண்டும். படத்தைத் தெளிவு குறையாமல் அனுப்ப வேண்டுமென்றால் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். பிள்ளைகளின் படங்களைப் பொதுவில் போடுவதை நான் முற்றாக நிறுத்திவிட்டேன். என் மாணவி ஒருத்தியின் படத்தை எடுத்து யாரோ பொய்க் கணக்குத் திறந்தார்கள். அதை நீக்க வைப்பதற்குள் அந்தப் பிள்ளை ஒரு கிழமை பாடசாலைக்கு வரவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் தோழியும் நானும் வொய்ஸ் மாற்றிக்கொள்கிறோம். போன கிழமை, “கடல் சத்தம் மட்டும் அனுப்புடி, கதைக்காத” என்று கேட்டாள். நேற்றுப் பின்னேரம் டச்பேயில் மான்கள் மேய்கிற பக்கமாகப் போய், அலைக்குக் கிட்ட போனைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிசம் நின்றேன். அனுப்பியது இரண்டு சாம்பல் டிக்கோடு நிற்கிறது. அவளுக்கு இரவு வேலை, விடியத்தான் கேட்பாள்.