எஃப்-3 வந்தவுடன் போர்டு வாங்காதீர்கள்: ஜிஇ மின் ஓவனின் எரர் கோட்கள் எந்த அளவுக்கு நம்பகமானவை?

மேலே பர்னர்கள், கீழே ஓவன், பின்பலகையில் டிஜிட்டல் கடிகாரம். அமெரிக்க வீடுகளில் அடிக்கடி கண்ணில் படும் ஜிஇ பிராண்டு மின் ரேஞ்ச் (அடுப்பும் ஓவனும் ஒன்றாக உள்ள இயந்திரம்) இது. கேக் எப்படி வேகிறது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பழுதானால் கடிகாரத் திரையில் மின்னும் எஃப்-2, எஃப்-3, எஃப்-7 போன்ற கோட்கள் பழுதைச் சரியாகச் சொல்கின்றனவா என்பதுதான் இங்கே பேச்சு.

எஃப்-3, எஃப்-4 இரண்டுக்கும் நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். இரண்டுமே ஓவனின் சூட்டை அளக்கும் வெப்பச் சென்சாரின் மின்சுற்றைப் பற்றியவை. அதன் மின்தடை சுமார் 2900 ஓமைத் (மின்தடையின் அலகு) தாண்டினால் எஃப்-3, அதாவது எங்கோ அறுந்திருக்கிறது. சுமார் 950 ஓமுக்குக் கீழே போனால் எஃப்-4, ஷார்ட். ஆனால் கோட் சுட்டுவது முழு மின்சுற்றை, சென்சாரை மட்டுமல்ல. சென்சார், கனெக்டர், வயர், ஓவனை இயக்கும் மின்னணு போர்டு நான்கும் அதில் அடக்கம். இதை மறந்துவிட்டு நேரே போர்டு வாங்குகிறவர்கள் உண்டு. சென்சாரோ போர்டின் விலையில் சிறு பங்குதான்.

சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். முதலில் பிரேக்கரை அணையுங்கள். ரேஞ்சுக்கு வருவது 240 வோல்ட், இரட்டை பிரேக்கர். கடிகாரம் இருண்டதைப் பார்த்த பிறகே கை வையுங்கள். பின்பலகையைக் கழற்றி, போர்டிலிருந்து சென்சார் பிளக்கை உருவி, அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். ஓவன் ஆறியிருந்தால் 1080 முதல் 1100 ஓம் காட்ட வேண்டும். காட்டினால் சென்சாரும் வயரும் சரி; சந்தேகம் போர்டின் மேல். காட்டாவிட்டால் ஓவனுக்குள் பின்சுவரில் இருக்கும் சென்சாரின் இரண்டு திருகுகளைக் கழற்றி மெல்ல முன்னே இழுத்து, அதன் கனெக்டரில் மறுபடி அளக்கவும். இங்கே அளவு சரியாக வந்தால் குற்றவாளி இடையில் உள்ள வயரோ கருகிய கனெக்டரோதான். வயர் நழுவி ஓவன் சுவருக்குள் போய்விடாமல் ஒரு கிளிப் மாட்டி வைப்பது நல்லது. போனால் ரேஞ்சையே நகர்த்த வேண்டிவரும். ஒவ்வொரு முனைக்கும் சென்சாரின் உலோகக் குழாய்க்கும் இடையே மீட்டர் எந்த இணைப்பும் காட்டக் கூடாது.

கோடே வராத பழுதுதான் இந்தச் சென்சாரில் மோசமானது. சூடு ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி ஏறினால் அதன் மின்தடை சுமார் 2 ஓம் கூடும். துருப்பிடித்த கனெக்டர் 80 ஓம் கூடுதலாகச் சேர்த்தால், போர்டு ஓவனை 40 டிகிரி அதிகச் சூடாக நினைத்து முன்கூட்டியே நிறுத்திவிடும். ரொட்டி வேகாது, திரையோ வாய் திறக்காது. பல மாடல்களில் வெப்பத்தை 35 டிகிரி வரை கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறது. பலரும் அதைத் திருகியே இந்தப் பழுதை மூடி மறைக்கிறார்கள்.

எஃப்-2 குழப்பக்காரன். ஓவன் வரம்பு மீறிச் சூடானதாகச் சொல்லும். உண்மையிலேயே சூடாகியிருக்கலாம், சென்சார் பொய் சொல்லியிருக்கலாம். ஓவனை அணைத்த பிறகும் எலிமென்ட் (சூடாக்கும் கம்பி) தணலாகவே இருந்தால், அதற்கு மின்சாரம் விட்டு நிறுத்தும் போர்டின் ரிலே சுவிட்ச் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். உடனே பிரேக்கரை அணைத்துவிட்டு, போர்டு மாறும் வரை அணைத்தே வையுங்கள். எலிமென்ட் ஒழுங்காக அணைகிறது, ஓவனும் அளவாகத்தான் சுடுகிறது, ஆனாலும் எஃப்-2 வருகிறது என்றால் மேலே சொன்ன ஓம் அளவுக்கே திரும்புங்கள். இந்த முறை கனெக்டரை ஆட்டிக்கொண்டே அளங்கள்.

எஃப்-7 பட்டன் சிக்கியதைக் குறிக்கும். பட்டன்கள் உள்ள டச் பேனலுக்கும் போர்டுக்கும் நடுவே ரிப்பன் கேபிள் (தட்டையான வயர்) உள்ள மாடல் என்றால், மின்சாரத்தை அணைத்து அதை உருவிவிட்டு, பின்பலகையை மூடி, மறுபடி மின்சாரம் கொடுத்துக் காத்திருங்கள். கோட் திரும்ப வராவிட்டால் டச் பேனல் கெட்டது, வந்தால் போர்டு. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்த மறுநாள் வந்த எஃப்-7 சில சமயம் காய்ந்ததும் தானே போய்விடும்.

புதிய சென்சார் வாங்கும்போது பிளக்கோடு வருவதா என்று பாருங்கள். வெறும் வயரோடு வரும் பொதுரகம் மலிவு; ஆனால் இணைக்கப் பீங்கான் வயர் நட் (வயர் முனைகளை முறுக்கிச் சேர்க்கும் மூடி) தேவை. சாதாரண இன்சுலேஷன் டேப் அந்தச் சூட்டில் உருகிவிடும். எந்த வயர் எந்தப் பக்கம் என்ற கவலை வேண்டாம், துருவப் பேதம் இல்லை.

ஜிஇயைப் பாராட்ட வேண்டிய விஷயம் வேறொன்று: வயரிங் படமும் கோட் விளக்கமும் கொண்ட சிறு தாளை இயந்திரத்திலேயே ஒளித்து அனுப்புகிறார்கள். பின்பலகைக்குள்ளோ கீழ் இழுப்பறைக்குப் பின்னாலோ தேடுங்கள். மாடலுக்கு மாடல் கோட் மாறும் என்பதால், இணையத்தில் கிடைக்கும் பட்டியலைவிட அந்தத் தாள்தான் கணக்கு. படித்த பிறகு அதே இடத்தில் திரும்ப வையுங்கள்.