ஒரு நொடி இடைவெளி: போஸ்ட்ஃபிக்ஸில் மெயில் வேகத்தைக் கட்டிப்போட்ட கதை

போன வாரம், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை ஓட்டும் நண்பர் ஒருவர் கேட்டார்: "ரேட் டிலே ஒரு நொடின்னு போட்டுட்டேன். ஆனா மெயில் எல்லாம் முன்ன மாதிரியே கொட்டுது. எங்க தப்பு?" கான்ஃபிக் ஃபைலை அனுப்பச் சொன்னேன். அடுத்த வரியிலேயே விடை இருந்தது. ரெசிபியன்ட் லிமிட் (ஒரே டெலிவரியில் எத்தனை பேருக்குப் போகலாம் என்ற வரம்பு) 1. இறுக்குவதுதான் இறுக்குகிறோம், இதையும் சேர்த்து இறுக்குவோமே என்று போட்டிருக்கிறார். இதே வரியைப் போட்டுவிட்டு இரண்டு ராத்திரி சர்வர் எழுதும் லாக்கை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். ஏழு வருஷமாக இதே மென்பொருளில் என் மெயில் சர்வரை ஓட்டுகிறேன். போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் என்ன, எப்படி நிறுவுவது என்பதெல்லாம் வேறு இடத்தில் படித்துக்கொள்ளுங்கள். எனக்கு இருப்பது ஒரே ஒரு எரிச்சல்.

இங்கே ஒரு செட்டிங், சத்தமில்லாமல் இன்னொரு செட்டிங்கின் அர்த்தத்தையே மாற்றிவிடும்.

ரேட் டிலே என்பது ஒரே இலக்குக்குப் போகும் இரண்டு டெலிவரிகளுக்கு நடுவே விடும் இடைவெளி. ரெசிபியன்ட் லிமிட் 1-க்கு மேல் இருக்கும்வரை (அது வரும்போதே 50 என்றுதான் வருகிறது) இலக்கு என்றால் டொமைன் (முகவரியில் @-க்குப் பின்னால் வருவது). அதை 1 ஆக்கிய கணமே இலக்கு என்றால் தனித்தனி முகவரி. அதாவது ஒரே ஆளுக்கு அடுத்தடுத்துப் போகும் மெயில்களுக்கு மட்டும்தான் இடைவெளி. ஒரே டொமைனில் பத்தாயிரம் பேருக்கு ஆளுக்கொன்று அனுப்பினால் தடையே கிடையாது. எரர் வராது, வார்னிங் வராது. மேனுவலில் எழுதியிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இறுக்கினால் தளரும் திருகை யார் எதிர்பார்ப்பார்கள்? நண்பரை 2 என்று மாற்றச் சொன்னேன். சரியாகிவிட்டது.

என்னை அதிகம் படுத்தியது இதன் தம்பி. ஒரு டொமைனுக்கு ஒரே நேரத்தில் 20 டெலிவரிகள் வரை போகலாம் என்பது இயல்பு அளவு. ரேட் டிலே போட்டதும் அது 1 ஆகிவிடும். வேகத்தைக் குறைக்கத்தானே போட்டோம், நியாயம். ஆனால் இன்னொரு கணக்கும் உள்ளே ஓடுகிறது: ஒரு கூட்டம் டெலிவரி முழுக்கத் தொடர்பு கிடைக்காமல் தோற்றால் அந்த இலக்கு செத்துவிட்டது என்று முடிவு. கூட்டத்தின் அளவு, அந்த நேரத்து இணை டெலிவரிகளின் எண்ணிக்கை. 20 போய்க்கொண்டிருந்தால் 20 தோல்வி தாங்கும். 1 ஆகிவிட்டால்? எதிர்ப்பக்க சர்வர் ஒரே ஒரு தடவை வாசலிலேயே 421 (இப்போது முடியாது, பிறகு வா) சொல்லித் திருப்பி அனுப்பினால் போதும், அந்த டொமைனுக்கு வரிசையில் நின்ற மொத்தமும் டிஃபர் ஆகும், அதாவது பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கப்படும். லாக்கில் "டெலிவரி தற்காலிகமாக நிறுத்தம்" என்று பக்கம் பக்கமாக ஓடும். அடுத்த முயற்சி குறைந்தது 300 நொடி கழித்து, தோற்கத் தோற்க 4000 நொடி வரை தள்ளிப்போகும். பணிவாக மெதுவாகப் போகிறேன் என்று சொன்னவனுக்குத்தான் இந்தத் தண்டனை! டிலே போட்ட மெதுவான டிரான்ஸ்போர்ட்டுக்கு (மெயிலை வெளியே கொண்டுபோகும் வழிக்கு) மட்டும் ஃபெயில்ட் கோஹார்ட் லிமிட்டை, அதாவது எத்தனை கூட்டம் தோற்றால் இலக்கு செத்ததாகக் கணக்கு என்பதை, 1-லிருந்து 10 ஆக்கினேன். அதற்குப் பிறகுதான் நிம்மதி.

இன்னொரு குறை: ஒரு நொடிக்குக் கீழே போக வழியில்லை. அரை நொடி என்று சொல்ல முடியாது. டொமைனுக்கு நிமிஷத்துக்கு அதிகபட்சம் 60, அல்லது கட்டுப்பாடே இல்லாத வெள்ளம். நடுவில் ஏதாவது வேண்டுமென்றால் டிலேயைத் தொடாமல் இணை டெலிவரியை 20-லிருந்து இரண்டு மூன்றுக்கு இறக்க வேண்டும். பாதிப் பேருக்கு அதுவே போதும் என்பது என் கட்சி. (ஆன்வில் செட்டிங்குகளை நோண்டுபவர்களுக்கு: அது உள்ளே வரும் மெயிலுக்கு. வெளியே போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை டிலேயை, எல்லா மெயிலும் வெளியே போகும் பொதுவான எஸ்எம்டிபி டிரான்ஸ்போர்ட்டிலேயே போட்டேன். அன்று செய்திமடல் போனது, ஒரே டொமைனில் 8,000 பேர், ஆளுக்கொரு தனி மெயில். நொடிக்கு ஒன்று என்றாலே இரண்டேகால் மணி நேரம். அந்த வரிசைக்குப் பின்னால் ஒருவரின் பாஸ்வேர்டு மாற்றும் மெயில் நின்றது. லிங்க்கின் ஆயுள் அரை மணி. அவர் மறுபடி மறுபடி பட்டனை அழுத்த, அத்தனை மெயிலும் வரிசையின் வாலில் போய்ச் சேர்ந்தன. கடைசியில் செத்துப்போன லிங்க்குகளாக ஒன்றன்பின் ஒன்றாய் அவருக்குப் போயின. அதற்கப்புறம் மாஸ்டர் ஃபைலில் தனி டிரான்ஸ்போர்ட் ஒன்று உண்டாக்கி, செய்திமடலின் அனுப்புநர் முகவரியிலிருந்து போவதை மட்டும் அதில் திருப்பிவிட்டேன். பாஸ்வேர்டு மெயிலுக்கு இன்று வரை டிலே கிடையாது.

இத்தனைக்கும் நடுவில் என்னைக் கட்டிப்போட்டிருப்பது லாக்கில் வரும் நாலு எண்கள். ஒவ்வொரு டெலிவரிக்கும் தாமதத்தை நாலாகப் பிரித்து எழுதுகிறது: வரிசை மேலாளரிடம் வருமுன், மேலாளரிடம், தொடர்பு ஏற்படுத்த, அனுப்பி முடிக்க. இரண்டாவது எண் ஏறினால் நான் போட்ட கட்டு. மூன்றாவது ஏறினால் டொமைனின் சர்வர் எங்கே என்று தேடித்தரும் டிஎன்எஸ்ஸோ எதிர்ப்பக்கமோ. "மெயில் ஏன் லேட்?" என்று கேட்பவருக்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம். போஸ்ட்ஃபிக்ஸை எழுதிய வீட்சே வெனமா இதற்காக மட்டும் என்னிடம் எத்தனை கும்பிடு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். 3.1 பதிப்பில் டிரான்ஸ்போர்ட் முழுமைக்குமான டிலே வந்ததும் நல்ல காரியம். பெறுபவர்களின் சொந்த டொமைன் பல, பின்னால் உட்கார்ந்திருப்பது ஒரே மெயில் சேவை என்றால் டொமைன்வாரி கணக்கு உதவாது.

நண்பர் கடைசியாக, "அப்ப இதையே வெச்சுக்கவா?" என்றார். வேண்டாம், செய்திமடலை வாடகை ரிலேயிடம் (நமக்காக மெயில் அனுப்பித் தரும் சேவையிடம்) கொடுத்துவிட்டுத் தூங்குங்கள் என்றேன். "நீங்க மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். அப்போது நான் இன்னொரு விண்டோவில் அந்த இரண்டாவது எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.