102, 112, 120: குல்மார்க் பனிக்கு எந்த அகலம்?

காஷ்மீரின் குல்மார்க்கில் ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருக்கும். காலையில் கதவைத் திறந்தால் தொடையளவு வெள்ளை. டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு எல்லோரும் மலையேற்றும் கம்பிவண்டியான கோண்டோலாவின் வரிசைக்கு ஓடுவார்கள். போய் நின்றால் சேதி இதுதான்: இரண்டாம் கட்டம் இன்று மூடல். நடு நிலையமான கொங்டோரி வரை போகும் முதல் கட்டம் மட்டும்தான். சுமார் 3,950 மீட்டர் உயரத்தில், அஃபர்வத் முகட்டை ஒட்டி இறக்கிவிடும் இரண்டாம் கட்டத்தைப் பனிச்சரிவு ஆபத்து குறைந்த பிறகே திறப்பார்கள். அதற்கு ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம்.

"பவுடர் ஸ்கீ வாங்கப் போகிறேன், எத்தனை மில்லிமீட்டர் எடுக்கலாம்?" என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிசைதான் ஞாபகத்துக்கு வரும். (பவுடர் என்பது புதிதாக விழுந்த, மாவு போன்ற உலர் பனி. ஸ்கீ, பனியில் சறுக்கக் காலில் மாட்டும் பலகை.) விளம்பரப் படத்தில் ஒருவர் மார்பளவு பனியைக் கிழித்துக்கொண்டு மேலிருந்து வருவார். குல்மார்க்கில் நமக்குக் கிடைக்கும் கணக்கு வேறு. புயல் அடித்த முதல் நாள் கீழே தேவதாரு, பைன் மரங்களுக்கு நடுவே. மேலே போக வாய்க்கும்போது காற்று ஏற்கெனவே பனியை உருட்டி, அடித்து, சில இடங்களில் இறுக்கியும் வைத்திருக்கும். அதனால் முதல் நாளை மனதில் வைத்து ஸ்கீ வாங்கினால் மூன்றாம் நாள் அழ வேண்டிவரும். நான் அழுதேன். அந்தக் கதை பிறகு.

பேச்சு எப்போதும் இடுப்பு அகலத்தில்தான் தொடங்கும். பலகையின் நடுவில், நம் காலுக்கு நேர் கீழே இருக்கும் அகலம் அது. சமன் செய்த பாதையில் ஓடும் ஸ்கீ 70, 80 மி.மீ. இருக்கும். நூறைத் தாண்டினால் பவுடர் பக்கம் வந்துவிட்டோம் என்று பொருள். புதிதாக விழுந்த உலர் பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். அதாவது பத்தில் ஒன்பது பங்கோ அதற்கு மேலோ வெறும் காற்று. அதன்மேல் ஒல்லிப் பலகையில் நின்றால் முழங்கால் வரை புதைவோம். அகலப் பலகை கட்டுமரம் மாதிரி மேலே மிதக்கும். இதுவரை யாருக்கும் சந்தேகமில்லை.

இந்த அகல மோகத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1990களின் தொடக்கத்திலேயே ஆஸ்திரியாவின் அடாமிக் நிறுவனம் அகலமான பலகைகளைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் சிந்தனையையே புரட்டிப் போட்டவர் ஸ்கீ வீரர் ஷேன் மெக்காங்கி. ஆழப்பனியில் சறுக்குவது தண்ணீரில் சறுக்குவதற்குத்தான் நெருக்கம் என்று நம்பி, நீர்ச்சறுக்குப் பலகையில் பைண்டிங்கை (பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பிடிப்பு) மாட்டிக்கொண்டு அலாஸ்கா மலையில் இறங்கியவர். அந்த யோசனையில் பிறந்ததுதான் 2002-இல் வோலன்ட் நிறுவனம் விற்ற ஸ்பாட்டுலா. பெயரே தோசைத்திருப்பிதான். நடுவில் அகலம், இரண்டு முனையிலும் ஒடுக்கம். தரையில் வைத்தால் முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்து நிற்கும். அதுவரை இருந்த ஸ்கீக்கு எல்லா விதத்திலும் நேர் எதிர். இன்று கடையில் பார்க்கும் எந்தப் பவுடர் ஸ்கீயிலும் அதன் சாயல் கொஞ்சமாவது இருக்கும்.

அந்த மேல்வளைவைத்தான் ராக்கர் என்கிறார்கள். காலுக்குக் கீழே வில் மாதிரி எழும்பி நிற்கும் எதிர் வளைவு கேம்பர். ராக்கர் மூக்கைத் தூக்கிப் பிடிக்கும், பலகையைப் பக்கவாட்டில் வழித்துவிட வசதி தரும். கேம்பர் விளிம்பை அழுத்தி, இறுகிய பனியில் பிடிப்புக் கொடுக்கும். என் அனுபவத்தில் அகல எண்ணைவிட இந்த இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதும், பலகையின் எடையும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன. கடைக்காரர்கள் எண்ணைச் சொல்வதற்குக் காரணம் அது ஸ்டிக்கரில் அச்சாகி இருக்கிறது என்பதுதான்.

சரி, மூன்று வகைக்கும் வருவோம்.

120 வகைக்கு உதாரணமாக அடாமிக் பென்ட் செட்லர் 120-ஐ எடுத்துக்கொள்ளலாம். ஸ்கீ வீரர் கிறிஸ் பென்செட்லர் பெயரில் வருவது, பலகைமேல் இருக்கும் ஓவியமும் அவர் கைவண்ணம். இத்தனை அகலத்துக்கு எடை குறைவு. மூக்கும் வாலும் நீளவாக்கில் மட்டுமல்ல, குறுக்குவாக்கிலும் படகின் அடிப்பக்கம் போல மேலே வளைந்திருக்கும். ஆழமான, யாரும் தொடாத பனியில் இதற்கு இணை சொல்ல எனக்கு ஆளில்லை. மரங்களுக்கு நடுவே நினைத்த நொடியில் திரும்பும். முதல் நாள் கீழே காட்டுக்குள் இதை மாட்டியிருந்தால் வாய் காதுவரை போகும்.

இனி என் அழுகைக் கதை. இரண்டாவது முறை குல்மார்க் போனபோது உள்ளூர்க் கடை ஒன்றில் ஏறக்குறைய இதே அகலத்தில் ஒரு ஜோடி வாடகைக்கு எடுத்தேன். முதல் இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் இரண்டாம் கட்டம் திறந்தது. மேலே போய் இறங்கினால் பனியின் மேல்தோல் அப்பளம். ஒரு அடி தாங்கும், அடுத்த அடி நொறுங்கும். லேசான பலகை, ஒவ்வொரு நொறுங்கலுக்கும் ஒரு பக்கமாகத் தெறித்தது. அதற்கும் கீழே, நூறு பேர் உழுதுபோட்ட வயல் மாதிரி கட்டிகட்டியான பனி. அங்கே லேசான பலகை தட்டான்பூச்சி மாதிரி ஆடியது. கொங்டோரி வந்து சேர்ந்தபோது தொடை நடுங்கியது. இறுகிய பாதையில் இந்த அகலத்தை விளிம்பில் சாய்த்து நிறுத்துவது இன்னொரு வேலை. காலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகை நெம்புகோல் மாதிரி முழங்காலைப் பிடித்து முறுக்கும். நாற்பதைத் தாண்டிய முழங்கால்காரர்கள் இதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குப் போகிறவருக்கு இதே பலகையைத் தயங்காமல் சொல்வேன். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அங்குள்ள நிசெகோவில் நாள் தவறாமல் கொட்டுகிறது. மலையும் குள்ளம். அன்னுபுரி சிகரமே 1,308 மீட்டர்தான், அதன் சரிவுகளில் பெரும்பாலும் பிர்ச் மரங்கள். நேற்றைய தடத்தை இன்றைய பனி மூடிவிடும். சலித்த கோலமாவு மாதிரி பனி. அங்கே மூன்றாம் நாள் என்று ஒன்று கிடையாது, எல்லாமே முதல் நாள்.

குல்மார்க் அப்படியல்ல. இங்கே பனி, மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தச் சலனங்களை நம்பி இருக்கிறது. வந்தால் இரண்டே நாளில் ஒரு மீட்டர்கூடக் கொட்டும். அப்புறம் ஒரு வாரம் நீல வானம். அட்சரேகை 34 டிகிரி, பிப்ரவரி வெயிலுக்கே சூடு உண்டு. தெற்கு பார்த்த சரிவு மத்தியானம் இளகி, ராத்திரி உறைந்து, மறுநாள் காலை ஓடு கட்டியிருக்கும். வடக்கு பார்த்த நிழல் சரிவில் மட்டும் பவுடர் நாலைந்து நாள் தாங்கும். தங்மார்க் பக்கம் கீழே இறங்க இறங்க அதே பனி புட்டுமாவு பதத்துக்கு வந்துவிடும். ஒரே இறக்கத்தில் நான்கு வகைப் பனி. கேள்வியே இந்த நான்கில் எதைக் கைவிடத் தயார் என்பதுதான்.

102 வகைக்கு வோல்க்ல் மேன்ட்ரா 102. உள்ளே டைட்டனால் தகடு ஓரங்களில் சட்டம் போல ஓடுகிறது. (பெயரைப் பார்த்து டைட்டானியம் என்று நினைப்பவர்கள் அதிகம். அது அலுமினியக் கலவை.) கனமான, விறைப்பான பலகை. இறுகிய பனியிலும் உழுத பனியிலும் ரயில் மாதிரி போகும், அதிர்வைத் தின்றுவிடும். ஆனால் இது ஓட்டுபவரிடம் வேலை வாங்கும். மெதுவாகப் போனால் வளைந்து கொடுக்காது. குல்மார்க் மரங்களுக்கு நடுவே ஆழப்பனியில் மெதுவாகத்தான் போக முடியும், அங்கே வேகம் இல்லாமல் இது மிதக்காது. உங்கள் எடை 85 கிலோவுக்கு மேல், வேகமும் பிடிக்கும், வருடத்தில் பாதி நாள் ஆல்ப்ஸ் மாதிரி இடத்தில் சமன் செய்த பாதையில் என்றால் இதை எடுங்கள். குல்மார்க்குக்கு மட்டும் என்றால் வேண்டாம்.

நடுவில் இருப்பது 112. "நடுத்தரம் எடுத்தால் எதற்கும் உதவாது" என்று ஒரு பேச்சு உண்டு. இந்த வகையில் அது பொய். ஆனால் 112 என்ற ஒரே எண்ணுக்குள் இரண்டு எதிரெதிர் குணம் இருக்கிறது. உண்மையான போட்டி இங்கேதான்.

ஒன்று சாலமன் க்யூஎஸ்டி பிளாங்க். முன்னும் பின்னும் தாராளமான ராக்கர், காலுக்குக் கீழே கேம்பர். டைட்டனால் தகடு இல்லை, அதிர்வை உறிஞ்ச முனையில் கார்க் வைத்திருக்கிறார்கள். எடை கொஞ்சம் அதிகம், அதுதான் இதன் பலம். நொறுங்கும் ஓட்டில் 120 தெறித்த இடங்களில் இது உடைத்துக்கொண்டு போகிறது. கீழே இறுகிய பாதைக்கு வந்ததும் கேம்பர் வேலை செய்யும், விளிம்பு பிடிக்கும். ஆழப்பனியில் 120 அளவு மிதக்காது. ஆனால் 68 கிலோ இருக்கும் எனக்கு அந்த வித்தியாசம் வருடத்தில் இரண்டு நாள்தான் தெரிந்தது.

இன்னொன்று ஃபோர்ஃப்ரன்ட் நிறுவனத்தின் ஹோஜி. ஸ்கீ வீரர் எரிக் யார்லெய்ஃப்சன் வடிவமைத்தது. இதில் கேம்பரே கிடையாது, மூக்கிலிருந்து வால்வரை ஒரே மேல்வளைவு. தட்டையான தரையில் வைத்தால் நடுப்பகுதி மட்டும் தொடும். "அப்படியானால் இறுகிய பனியில் வழுக்குமே?" என்று யாரும் கேட்பார்கள். அங்கேதான் தந்திரம். பக்கவாட்டு வளைவும் ராக்கர் வளைவும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்திருப்பதால், பலகையைச் சாய்த்தால் விளிம்பு முழுக்கத் தரையில் உட்காரும். சாய்க்காமல் நேராக நின்றால் மட்டும் பம்பரம் மாதிரி லேசாக அலைபாயும். நடந்து ஏறுவோரிடம் இதற்குத் தனி மதிப்பு உண்டு. கோண்டோலா உச்சியில் இறங்கி, முகட்டோரம் நடந்து தூரச் சரிவுகளுக்குப் போகிறவர் என்றால் பிளாங்க்கின் ஒவ்வொரு கிராமும் காலில் தெரியும். பலகையின் அடியில் பின்னால் வழுக்காமலிருக்க ஒட்டுத்தோல் போட்டு ஏறுபவர் ஹோஜியை எடுக்கட்டும். லிஃப்டை நம்பி இருப்பவர் பிளாங்க்கை எடுக்கட்டும். நான் சோம்பேறி, பிளாங்க் வாங்கினேன்.

நீளத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ராக்கர் அதிகமான பலகையில் தரையைத் தொடும் நீளம் குறைவு. அதனால் வழக்கமாக ஓட்டுவதைவிட ஐந்து, பத்து சென்டிமீட்டர் கூடுதலாகப் போகலாம். 172 செ.மீ. உயரமுள்ள நான் 178 எடுத்தேன். 186-ம் முயன்று பார்த்தேன், மரங்களுக்கு நடுவே திருப்புவதற்குள் மரம் வந்துவிடுகிறது. ஐம்பது கிலோ சுற்றி இருப்பவர்கள் இந்த எண்களையே ஒரு படி இறக்கிப் படிக்க வேண்டும். எனக்கு 112 தரும் மிதப்பு அவர்களுக்கு 104-லேயே கிடைத்துவிடும்.

பைண்டிங் பற்றி ஒரே ஒரு விஷயம்: கழன்ற பலகை ஓடிவிடாமல் பிடிக்கும் பிரேக்கின் அகலத்தைப் பாருங்கள். 112 பலகைக்கு 115 அல்லது 120 பிரேக். 100 பிரேக்கை வளைத்து மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

எந்த அகலமும் பனிச்சரிவிலிருந்து காப்பாற்றாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவர், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் அஃபர்வத் சரிவுகளில் இறந்தார்கள். ட்ரான்ஸ்சீவர் (புதைந்தவரைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவி), புரோப் (பனியில் குத்தித் தேடும் கம்பி), மண்வெட்டி மூன்றும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு துணையும் இல்லாமல் மேலே போகாதீர்கள். பட்ஜெட் இடித்தால் ஸ்கீயை வாடகைக்கு எடுத்து, அந்தக் காசில் இதை வாங்குங்கள்.

கடைசியாக ஒரு சங்கடம். சில்லாய் கலான் என்று காஷ்மீரிகள் சொல்லும் கடுங்குளிர் நாற்பது நாள், டிசம்பர் 21-இல் தொடங்குகிறது. பனி அப்போதுதான் கட்டாக விழ வேண்டும். 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி காய்ந்து பழுப்பாகக் கிடந்தது, பனி வந்தபோது மாதம் முடிந்திருந்தது. 2025-இல் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளையே தள்ளிவைத்தார்கள். இந்த நிலையில் பவுடர் ஸ்கீ வாங்குவதே கொஞ்சம் மழையை நம்பி விதைப்பது மாதிரிதான். அதனால் பிப்ரவரி நடுவில்தான் டிக்கெட் போடுகிறேன். பையில் 112 இருக்கும். போய் இறங்கும்போது மலை வெறிச்சென்று கிடந்தால், வாடகைக் கடையில் ஒரு 90-ஐ எடுத்துக்கொண்டு கொங்டோரிப் பாதையிலேயே சுற்றிக்கொண்டிருப்பேன்.