பேசிக் ஃபேன்டஸி, நான்காம் பதிப்பு: பிடிஎஃப்பை விட மூலக்கோப்புதான் சரக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் சாகச ஆட்டம். 1981-ல் வந்த அதன் பேசிக், எக்ஸ்பர்ட் விதிப் பெட்டிகளின் ஆட்டத்தை இன்றைக்கு மேசையில் போட்டு ஆட நினைப்பவர்களுக்கு இலவசமாகக் கிடைப்பவற்றில் பேசிக் ஃபேன்டஸி முக்கியமானது. கிறிஸ் கானர்மன் 2007-ல் வெளியிட்டார். அதன்பின் தன்னார்வலர்கள் கூடித் திருத்தித் திருத்தி வளர்த்தார்கள். பிடிஎஃப்புக்குக் காசு இல்லை. அச்சுப் புத்தகமும் லாபம் வைக்காமல், அடக்க விலையை ஒட்டியே விற்கப்படுகிறது.

இப்படி ஒரு பழைய ஆட்டத்தை எடுத்துப் புதிதாக எழுத எப்படி முடிகிறது? அமெரிக்கச் சட்டப்படி ஆட்டத்தின் விதிமுறைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதிய வாசகத்துக்குத்தான் உண்டு. பகடை எண்களை எடுத்துக்கொள்ளலாம், வாக்கியங்களை எடுக்கக் கூடாது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நிறுவனம் தன் விதி வாசகத்தைப் பிறரும் பயன்படுத்த 2000-ல் விட்ட திறந்த ஆட்ட உரிமம் இன்னும் கொஞ்சம் துணிச்சல் கொடுத்தது. முதல் மூன்று பதிப்புகளும் அந்த உரிமத்தை நம்பித்தான் வந்தன. 2023 ஜனவரியில் அந்த நிறுவனம் அதையே மாற்றப்போகிறது என்ற வரைவு வெளியே கசிந்ததும் அடித்தளம் ஆட்டம் கண்டது. அதே ஆண்டில், பழைய உரிமத்தின் கீழ் வந்த வாசகத்தைக் களைந்து எழுதி, யாரும் பகிரவும் திருத்தவும் விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நான்காம் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். பெயரைக் குறிப்பிட வேண்டும், செய்த மாற்றத்தைச் சொல்ல வேண்டும், திருத்தியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்.

பழைய ஆட்டத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை ஒரே ஒரு அடியில் பார்த்துவிடலாம். 1981 விதிப்படி முதல் நிலை வீரன், கவச எண் (அடிப்பது எவ்வளவு கடினம் என்ற அளவு) 6 உள்ள காப்ளின் என்ற குட்டி அரக்கனை அடிக்க அட்டவணையைப் பார்க்க வேண்டும். 20 முகப் பகடையில் 13 விழ வேண்டும் என்று அது சொல்லும். பேசிக் ஃபேன்டஸியில் கவச எண் கூடக்கூட அடிப்பது கடினம், பழையதில் குறையக்குறைய. இங்கே அதே காப்ளினின் கவச எண் 14, வீரனின் தாக்குதல் கூட்டல் 1. பகடையோடு 1 கூட்டி 14 வர வேண்டும், அதாவது மறுபடியும் 13தான். வலிமை 16 இருந்தால் இரண்டிலுமே 2 கூடும். 11 விழுந்தால் போதும். அட்டவணை போயிற்று, வாய்ப்பு இம்மியும் மாறவில்லை. பழைய சாகசப் புத்தகம் கையில் இருந்தால் அதிலுள்ள கவச எண்ணை 20-லிருந்து கழித்துவிட்டு அப்படியே ஆடலாம். 9 என்றிருந்தால் 11, 2 என்றிருந்தால் 18. மறுஉருவாக்கம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் இந்த நேர்த்தி இல்லை. பெரிய சறுக்கல், கதாபாத்திரம் அடுத்த நிலைக்கு உயரச் சேர்க்கும் அனுபவப் புள்ளியில். பழைய ஆட்டத்தில் வெளியே கொண்டுவந்த ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. அதனால்தான் ஆட்டக்காரர்கள் அரக்கனோடு மோதாமல் ஒளிந்து, ஏமாற்றி, பேரம் பேசிப் புதையல் பெட்டியைத் தூக்கப் பார்த்தார்கள். இங்கே அடிப்படைக் கணக்கு அரக்கர்களை வெல்வதில்தான். புதையலுக்குப் புள்ளி, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் மனது வைத்தால் உண்டு. ஒரு காப்ளினுக்கு 10 புள்ளி. வீரன் இரண்டாம் நிலைக்குப் போக 2,000 வேண்டும். நால்வர் சமமாகப் பங்கு போட்டால் மொத்தம் 8,000, அதாவது 800 காப்ளின்! உயிர்ப்பகடை என்பது அரக்கனின் வலுவைக் காட்டும் எண், இரண்டு உள்ள அரக்கனுக்கு 75, மூன்றுக்கு 145 என்று ஏறுவது உண்மைதான். ஆனால் முதல் நிலை மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி 4 முகப் பகடை ஒன்றுதான், மதகுருவுக்கு அந்த நிலையில் மந்திரமே கிடையாது, உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் சாவு. இந்த நிலைமையில் சண்டைக்குத்தான் சன்மானம் என்றால் வாரம் ஒரு கதாபாத்திரம் காலி. ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த காசுக்கு மட்டும் புள்ளி என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். பழைய சாகசங்களில் புதையல் அளவே அந்தக் கணக்கில் வைத்ததுதான், அதனால் இடிக்காது.

முதல் நிலைத் திருடனுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறார்கள். பூட்டுத் திறப்பது 15 சதவீதத்திலிருந்து 25, பொறி அகற்றுவது 10-லிருந்து 20. ஒளிவது மட்டும் அதே 10. பத்தில் ஒன்பது முறை மாட்டிக்கொள்பவனைத் திருடன் என்று எப்படிச் சொல்வது? எல்ஃப், ட்வார்ஃப், ஹாஃப்லிங் இனங்களை வீரன், திருடன் போன்ற வகுப்புகளிலிருந்து பிரித்தது நல்ல மாற்றம். சண்டையில் யார் முதலில் என்று முடிவுசெய்ய ஆளுக்கு ஆள் முந்துரிமைப் பகடை போடுவது மேசையை இழுத்தடிக்கும். ஒரே வகை அரக்கர்களுக்கு ஒரே உருட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வெளியீட்டின் அசல் மதிப்பு மூலக்கோப்பில் இருக்கிறது. முழு விதிநூலும் திருத்தக்கூடிய ஓடிடி (ODT) ஆவணக் கோப்பாகக் கிடைக்கிறது. மேலே சொன்ன புள்ளிக் கணக்கு பிடிக்காவிட்டால் அந்தப் பத்தியையே மாற்றி உங்கள் மேசைக்கு ஒரு பதிப்பு போடலாம். லிப்ரெ ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறங்கள். வேர்டில் திறந்தால் படச் சட்டங்களும் பக்கத்தின் இரண்டு நெடும்பத்தி அமைப்பும் கலையும். கோப்பு கேட்கும் எழுத்துருக்களை முதலில் நிறுவுங்கள், இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்கார்ந்து பக்கங்கள் தள்ளிப்போகும். எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்காமல் கோப்பின் பாணிகளை (ஸ்டைல்) மாற்றுங்கள். கடைசியில் பொருளடக்கத்தைப் புதுப்பிக்க மறந்தால் பக்க எண் எல்லாம் பொய்.

பலர் சிக்கிக்கொள்வது ஒட்டு வேலையில். மூன்றாம் பதிப்புக் காலத்துத் துணைப் புத்தகங்களிலிருந்து ஒரு மந்திரத்தையோ அரக்கனையோ வெட்டி நான்காம் பதிப்பில் ஒட்டினால், பழைய உரிமத்து வாசகம் புதிய உரிமத்துக்குள் நுழைந்துவிடும். வீட்டில் ஆட யாரும் கேட்கமாட்டார்கள், வெளியிட்டால் வம்பு. எண்களை மட்டும் எடுத்து விவரிப்பைச் சொந்தமாக எழுதுங்கள். ஓவியங்களுக்கான உரிமத்தைத் தனியாகப் படியுங்கள். ஓவியங்களின் தரமும் சீராக இல்லை, அது வேறு விஷயம். அட்டையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயர் வேண்டவே வேண்டாம், அது வணிக முத்திரை.

அச்சடிப்பவர்களுக்கு: பக்கங்கள் அமெரிக்க லெட்டர் அளவு, ஏ4-ஐ விட 6 மில்லிமீட்டர் அகலம். ‘தாளுக்குப் பொருத்து’ போடாமல் அடித்தால் ஓரம் வெட்டுப்படலாம். முழுப் புத்தகத்தையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். கதாபாத்திரம், மந்திரம் பகுதிகளை இரண்டு படி எடுத்து ஆட்டக்காரர்களிடம் கொடுங்கள். அரக்கர், புதையல் பக்கங்கள் கேம் மாஸ்டர் கையில் தனிக் கட்டாக இருக்கட்டும்.