ரிவாஸ்டிக்மின் பேட்ச்: வயிறு தப்பியது, முதுகு மாட்டிக்கொண்டது

நண்பர் ஒருவரின் மாமியாருக்கும் என் அம்மாவைப் போலவே அல்சைமர். அந்த நோயின் ஞாபக மறதிக்குத் தரும் ரிவாஸ்டிக்மின் மருந்தில், விழுங்கும் காப்ஸ்யூலிலிருந்து தோலில் ஒட்டும் பேட்சுக்கு மாறலாமா என்று கேட்டார். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே.

குமட்டல் விஷயத்தில் பேட்சைக் குறை சொல்லவே முடியாது. காப்ஸ்யூல் காலத்தில் தட்டைப் பார்த்தாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார்; இப்போது இன்னொரு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். 2007-ல் வெளியான ஆய்விலும் காப்ஸ்யூல் எடுத்தவர்களில் 23 சதவீதம் பேருக்குக் குமட்டல், 9.5 மி.கி. பேட்ச் (ஒரு நாளில் உடம்புக்குள் போகும் அளவு அது) ஒட்டியவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான். மருந்து குபீரென்று ரத்தத்தில் ஏறாமல் நாள் முழுக்கத் தோல் வழியே கசிவதால் வரும் நிம்மதி அது.

ஆனால் அந்தப் பசை இருக்கிறதே! மருந்து ஏற்றிய அக்ரிலிக் படலம், அதன்மேல் சிலிகான் பசை. தோலில் துளி எண்ணெய் இருந்தாலும் பிடிக்காது. அம்மாவுக்கோ தேங்காய் எண்ணெய் தடவாமல் குளியல் இல்லை. எண்ணெயை நிறுத்தி முதுகை ஒற்றித் துடைத்து, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்தி ஒட்டினாலும், மே மாத வியர்வையில் மத்தியானத்துக்குள் ஓரம் சுருண்டுவிடும். ஒருமுறை பேட்ச் நைட்டியின் உள்பக்கத்தில் சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. நைட்டிக்கு ஞாபக மறதி வராது என்று வைத்துக்கொள்ளலாம். விழுந்தால் அன்றைக்கே புதிதாக ஒன்று ஒட்ட வேண்டும், செலவு நம்முடையது. ஒட்டிய இடத்தில் 14 நாளுக்குள் மறுபடி ஒட்டக் கூடாது என்பதால், முதுகில் சிவந்த வட்டங்களுக்கு நடுவே தினமும் இடம் தேடுகிறேன்.

இன்னொரு வயிற்றெரிச்சல்: 9.5 மி.கி. பேட்சுக்குள் இருப்பது 18 மி.கி. பாதி குப்பைக்குத்தான் போகிறது. படலத்தில் மருந்து வற்றினால் கசியும் வேகமும் விழுந்துவிடும், அதற்காகவே கூடுதலாக ஏற்றுகிறார்கள், நியாயம்தான். பழையதை உரிக்காமல் புதியதை ஒட்டுவது உயிருக்கே ஆபத்தாவதும் இதனால்தான். உரித்ததைப் பசைப்பக்கம் உள்ளே இருக்க மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள்.

மாமியாருக்குக் காப்ஸ்யூல் வயிற்றைப் படுத்தவில்லை என்றால் மாற வேண்டாம். படுத்தினால் டாக்டரிடம் கேளுங்கள். என் மதிப்பெண் 5-க்கு 2. இன்று காலையும் ஒன்று உரிந்து விழுந்தது, அதற்கு மேல் தர மனசு வரவில்லை. அடுத்த மாதத்துக்கும் மெடிக்கலில் சொல்லி வைத்துவிட்டேன்.