டைவர்ஷனா, ப்ரொபேஷனா: தம்பி வழக்கில் நாங்கள் எடுத்த முடிவு

என் சித்தப்பா மகனுக்கு பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறிமாறிப் போகும் மனநோய்). மாத்திரையை நிறுத்திய மூன்றாவது வாரம், ஓர் இரவில் மனைவியை அடித்துக் காயப்படுத்திவிட்டான். 911-ஐ (அவசர உதவி எண்) அழைத்தது அவள்தான்; அழைத்ததும் சரிதான். கலிஃபோர்னியாவில் மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்ற வழக்கானது. அவன் கிரீன் கார்டில் இருப்பவன்.

'மனநிலை பிறழ்ந்து செய்தேன், குற்றவாளி இல்லை' என்று வாதாடும் வழியும் உண்டு. அதை எடுத்த எடுப்பிலேயே விட்டுவிட்டோம். செய்வது என்னவென்றோ அது தவறென்றோ தெரியாத நிலை என்று நிரூபிக்க வேண்டும் (1843-இல் இங்கிலாந்தில் பிறந்த இந்த அளவுகோலே 2024 வரை இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவுக்கும் தாய்வேர்). ஜெயித்தாலும் அரசு மனநல மருத்துவமனையில் அடைக்கப்படலாம். சின்ன வழக்குக்கு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

மிச்சம் இரண்டு: ப்ரொபேஷன் (குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிமன்றக் கண்காணிப்பில் இருப்பது), டைவர்ஷன் (வழக்கை நிறுத்திவைத்து சிகிச்சை எடுப்பது; ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி). ப்ரொபேஷனில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் அன்றைக்கே வழக்கு முடிந்துவிடும். மனைவியை அடித்த வழக்கு என்பதால் 52 வார வகுப்பு கட்டாயம். மனைவியை அடக்கி ஆளும் கணவர்களை மனதில் வைத்து உருவான வகுப்பு அது. விட்டுப்போன மாத்திரையைத் திரும்பப் போட வைக்காது.

டைவர்ஷன் என்பது கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தில் 2018-இல் வந்த 1001.36 பிரிவு. மிஸ்டிமீனருக்கு அதிகபட்சம் ஓராண்டு, ஃபெலனிக்கு (பெருங்குற்றம்) இரண்டு. கடந்த 5 ஆண்டுக்குள் நோய் கண்டறியப்பட்டிருக்க வேண்டும். 2023 முதல் குற்றத்துக்கு அந்த நோய்க்கும் பெரிய பங்கு உண்டு என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். மறுக்க வலுவான ஆதாரம் வேண்டும். அரசு வழக்கறிஞரின் சம்மதம் தேவையில்லை, நீதிபதியே தரலாம். கொலை, பாலியல் வன்புணர்வுக்கெல்லாம் கிடையாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குக்கும் கிடையாது. பலர் முதலில் கேட்பதே அதைத்தான்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: டைவர்ஷனில் 'நான் குற்றவாளி' என்று சொல்லத் தேவையில்லை. குடியேற்றச் சட்டம் மாநிலத்துடையது அல்ல, கூட்டாட்சி (மத்திய) அரசுடையது. தண்டனைத் தீர்ப்பு எது என்பதற்கு அதற்கென்று தனி வரையறை. குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதிக்கப்பட்டால் போதும், அது தீர்ப்பு. ப்ரொபேஷன் முடிந்த பிறகு மாநில நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும் அங்கே அது அழியாது. அதிலும் மனைவியைக் காயப்படுத்திய தீர்ப்பு கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்தவே போதுமான காரணம். போதைப்பொருள் வழக்குகளில் இது பலர் தலையில் விடிந்தது: பழைய டைவர்ஷனில் முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு தள்ளுபடி. மாநிலம் மறந்ததைக் குடியேற்றத் துறை மறக்கவில்லை. அந்த முறை 2018-இல்தான் மாறியது.

டைவர்ஷனுக்கும் விலை உண்டு. விரைவு விசாரணை உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். வழக்கு தலைமேல் தொங்கிக்கொண்டே இருக்கும். சிகிச்சையை விட்டால் பழைய இடத்திலிருந்து தொடங்கும். மனைவியை நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு ஆணை இருந்ததால் தம்பி எங்கள் வீட்டு ஹாலில்தான் படுத்தான், பல மாதம். மருத்துவர் அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகும்போதெல்லாம் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது.

ஃபெலனி வழக்கில் இது எப்படிப் போகும் என்பதற்கு என்னிடம் அனுபவம் இல்லை. அவனுக்குத் தனியார் இன்சூரன்ஸ் இருந்தது, மருத்துவர் சீக்கிரம் கிடைத்தார். கவுண்டி (உள்ளூர் அரசு) தரும் சிகிச்சையை நம்பியிருப்பவர்கள் என் கதையை அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குடியுரிமை உள்ளவருக்கு, நோயும் கட்டுக்குள் இருந்தால், ப்ரொபேஷன் அவ்வளவு மோசமில்லை என்றுகூடத் தோன்றுகிறது.

ஒரு விஷயம் எங்களுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. டைவர்ஷன் முடிந்ததும் கைதே நடக்கவில்லை என்கிறது மாநிலச் சட்டம். ஆனால் குடியுரிமை விண்ணப்பத்தில் 'கைதானதுண்டா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். கோப்புக்கு சீல் வைக்கும் முன்பே, தள்ளுபடி உத்தரவின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி வைத்தோம்.